ஒரு கீபோர்டு, பல கம்ப்யூட்டர்: கோளாறு கண்டுபிடிக்கும் வழி

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இருபது நிமிஷம் பேசுப்பா. எல்லாருக்கும் உபயோகமா இருக்கணும். போன வருஷம் மாதிரி தூங்க வச்சிடாதே" என்று செயலாளர் போனில் சொல்லிவிட்டார். போன வருஷம் பேசியது நான் இல்லை என்பதை இந்தச் சபையில் பதிவு செய்துகொள்கிறேன்.

என்ன பேசுவது என்று யோசித்தபோது என் மேஜையையே பார்த்தேன். ஆபீஸ் கொடுத்த லேப்டாப் ஒன்று, சொந்த டெஸ்க்டாப் ஒன்று, பிள்ளைகளுக்கென்று வாங்கி நானே பயன்படுத்தும் டேப்லெட் ஒன்று. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் இன்று இதே நிலைமைதான். கம்ப்யூட்டர் மூன்று, கை இரண்டுதான். இதற்கு வழியாகத்தான் ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இயக்கும் ஏற்பாடுகள் வந்திருக்கின்றன. வேலை செய்யும்போது சொர்க்கம். நின்றுபோனால் எங்கே நின்றது என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கோளாறை முறையாகக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் என் பேச்சு. 'இது சின்ன விஷயமாச்சே' என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய பிழைப்பே இதில் இருக்க முடியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. மவுஸைக் கண்டுபிடித்தவர் டக்ளஸ் ஏங்கல்பார்ட். முதல் மவுஸ் மரக்கட்டையில் செய்தது; அடியில் இரண்டு சக்கரம். 1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய கூட்டத்துக்கு முன் அதை இயக்கிக் காட்டினார். மவுஸ் மேடையில் இருந்தது. கம்ப்யூட்டரோ சுமார் 50 கி.மீ. தள்ளி மென்லோ பார்க்கில் இருந்தது. அங்கே இருந்த சக ஊழியரும் இவரும் ஒரே திரையைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆகவே 'கையில் இருக்கும் மவுஸ் வேறு இடத்துக் கம்ப்யூட்டரை ஆட்டுவிப்பது' என்பது புதுசு இல்லை. மவுஸ் உலகத்துக்கு அறிமுகமான அன்றே அதுவும் நடந்துவிட்டது.

இப்போது நம் மேஜைக்கு வருவோம். இன்று இதற்கு நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி, கே.வி.எம். ஸ்விட்ச். கீபோர்டு, மவுஸ், மானிட்டர் மூன்றையும் ஒரு சின்னப் பெட்டியில் சொருகி, பட்டனைத் தட்டினால் இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு மாறும். வீட்டில் இன்வெர்ட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் போடும் சேஞ்ஓவர் ஸ்விட்ச் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, மூன்று ப்ளூடூத் சேனல் உள்ள கீபோர்டும் மவுஸும். 1, 2, 3 என்று பட்டன் இருக்கும். 1 அழுத்தினால் டெஸ்க்டாப், 2 அழுத்தினால் டேப்லெட். ஆண்ட்ராய்டு டேப்லெட் ஆனாலும் ஐபேட் ஆனாலும் சரி, டேப்லெட்டுக்கு இதுதான் சுலபமான வழி. ஐபேட் 2020 மார்ச்சில் வந்த ஐபேட் ஓ.எஸ். 13.4 முதல் மவுஸை ஒழுங்காக ஏற்றுக்கொள்கிறது.

மூன்றாவது வழி, சாப்ட்வேர். கீபோர்டும் மவுஸும் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் சொருகியிருக்கும். அம்புக்குறியைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளினால் அது பக்கத்துக் கம்ப்யூட்டரின் திரையில் போய் நிற்கும். அடிக்கும் எழுத்துகளும் அங்கேயே போகும். 2001இல் வந்த சினெர்ஜி என்ற சாப்ட்வேர் இதில் முன்னோடி. அதன் மூல நிரல் திறந்ததாக இருந்ததால் அதிலிருந்து பேரியர், அதிலிருந்து இன்புட் லீப் என்று கிளைகள் பிரிந்தன. சினெர்ஜியின் திறந்த மூலப் பகுதி 2024இல் டெஸ்க்ஃப்ளோ என்று பெயர் மாறியது. விண்டோஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ் இருக்கிறது. 2011இல் வந்தது, 2023 முதல் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பிலேயே கிடைக்கிறது, நான்கு கம்ப்யூட்டர் வரை சேர்க்கலாம். லாஜிடெக் நிறுவனம் தன் மவுஸ்களுக்கு 2017இல் ஃப்ளோ என்ற வசதியைக் கொடுத்தது.

நான்காவது, ஆப்பிளின் யூனிவர்சல் கன்ட்ரோல். 2022 மார்ச்சில் வந்தது. மேக்கும் ஐபேடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், மேக்கின் மவுஸ் ஐபேடுக்குள் நடந்து போகும். குறைந்தது ஒரு மேக்காவது இருக்க வேண்டும்.

இந்த நான்கையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். முதல் இரண்டு வழிகளில் கீபோர்டே ஒரு கம்ப்யூட்டரை விட்டு இன்னொன்றுக்குப் போகிறது. நெட்வொர்க்குக்கு அங்கே வேலையே இல்லை. சாப்ட்வேர் வழிகளில் கீபோர்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அடித்த எழுத்துதான் கடிதம் மாதிரி நெட்வொர்க் வழியாகப் பயணம் போகிறது. ஆகவே கோளாறு வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் அழுத்திய எழுத்து எந்தப் பாதையில் போகிறது?

நம் மின் ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். மோட்டார் ஓடவில்லை என்றால் நாம் உடனே மோட்டாரைப் பிரிக்கப் போவோம். பேராசிரியர் விடமாட்டார். "சப்ளை வருதா பார்த்தியா? ஃபியூஸ் பார்த்தியா? ஸ்டார்ட்டர் வரைக்கும் வந்திருக்கா? அதுக்கப்புறம் மோட்டாரைத் தொடு" என்பார். டெஸ்ட் லேம்ப்பை எடுத்துக்கொண்டு பாதையின் நடுவில் ஓரிடத்தில் வைத்துப் பார்ப்போம். அங்கே எரிந்தால் பின்பாதியில் கோளாறு, எரியாவிட்டால் முன்பாதியில். இந்த ஒரு பழக்கம்தான் நான் இன்று வரைக்கும் சம்பளம் வாங்கக் காரணம் என்று சொன்னால் அது மிகையல்ல. கீபோர்டுக்கும் அதே பாடம்தான்.

நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். என் வகுப்புத் தோழன் ஒருவன், பெயர் வேண்டாம், கட்டட வரைபட ஆபீஸ் நடத்துகிறான். சில ஆண்டுகளுக்கு முன் சாலை விபத்தில் வலது கையில் பலத்த அடி. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வலது கை விரல்கள் வேலைக்கு உதவவில்லை. அவன் தளரவில்லை. இடது கையாலேயே வரையப் பழகினான். இடது கைக்குத் தோதான சின்ன கீபோர்டு ஒன்று, உருட்டுப் பந்து வைத்த மவுஸ் ஒன்று. இந்த இரண்டையும் பழக அவனுக்குப் பல மாதம் ஆனது. ஆனால் ஆபீசில் மூன்று இயந்திரங்கள்: வரைபடத்துக்கு ஒரு விண்டோஸ் டெஸ்க்டாப், கணக்கீட்டுக்கு ஒரு விண்டோஸ் லேப்டாப், சைட் போட்டோக்களும் பில்களும் பார்க்க ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட். நமக்கு ஒன்றை விட்டு ஒன்றுக்கு மாறுவது ஒரு நொடி வேலை. அவனுக்கு லேப்டாப்பின் கீபோர்டில் ஒரு வரி அடிப்பதே போராட்டம். ஆகவே சேனல் 1இல் டெஸ்க்டாப், சேனல் 2இல் டேப்லெட், லேப்டாப்புக்கு மட்டும் சாப்ட்வேர் வழி என்று ஏற்பாடு செய்திருந்தான்.

ஒரு சனிக்கிழமை காலையில் போன். "டேய் மாப்ளே, அம்பு ஓரத்துல போய் முட்டிக்கிட்டு நிக்குது. லேப்டாப்புக்குத் தாண்ட மாட்டேங்குது. திங்கக்கிழமை டிராயிங் கொடுத்தாகணும்." ஒருத்தர் "ஃபயர்வாலை மொத்தமா ஆஃப் பண்ணிடு" என்று யோசனை சொல்லியிருக்கிறார். இன்னொருத்தர் "கீபோர்டு போயிருக்கும், புதுசு வாங்கு" என்றிருக்கிறார். "ரெண்டையும் செய்யாதே, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

போனதும் எதையும் தொடவில்லை. ஒரு காகிதத்தில் பாதையை எழுதினோம்: விரல், கீபோர்டு, டெஸ்க்டாப், அதில் ஓடும் சாப்ட்வேர், ரூட்டர், லேப்டாப், அதில் ஓடும் சாப்ட்வேர், திரை. டெஸ்க்டாப்பில் நோட்பேடைத் திறந்து நாலு எழுத்து அடிக்கச் சொன்னேன், விழுந்தது. சேனல் 2 அழுத்தி டேப்லெட்டில் அடிக்கச் சொன்னேன், அதிலும் விழுந்தது. ஆக கீபோர்டு நன்றாக இருக்கிறது. புதுசு வாங்கும் செலவு அங்கேயே மிச்சம். லேப்டாப்பின் சாப்ட்வேரைப் பார்த்தால், அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் 'இணைக்க முயல்கிறேன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கோளாறு இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் நடுவில் என்று தெரிந்துவிட்டது.

அப்போது கேட்டேன்: "நேத்துக்கும் இன்னைக்கும் என்னடா மாறுச்சு?" அவன் "ஒண்ணும் மாறலியே" என்றான். அவன் மனைவிதான் உள்ளேயிருந்து சொன்னார்: "நேத்து சாயங்காலம் இன்டர்நெட்காரர் வந்து புது டப்பா மாட்டிட்டுப் போனாரே, அண்ணா!" எனக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

இரண்டு கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரியையும் எழுதினோம். டெஸ்க்டாப்பின் முகவரி 192.168.1 என்று தொடங்கியது. லேப்டாப்பின் முகவரி 192.168.50 என்று தொடங்கியது. அதாவது ஒரே வீட்டில் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு தெருவில் குடியிருக்கின்றன. லேப்டாப்பை விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் சேர்த்துவிட்டிருந்தார்கள். கெஸ்ட் வைஃபையின் நோக்கமே வந்தவர் வீட்டுக் கம்ப்யூட்டர்களைத் தொடக்கூடாது என்பதுதான். அது தன் கடமையைச் செய்தது. லேப்டாப்பை வீட்டின் முதன்மை வைஃபைக்கு மாற்றினோம். இப்போது தெரு ஒன்றாகிவிட்டது.

அப்போதும் இணையவில்லை! அவன் முகம் வாடிவிட்டது. மறுபடி காகிதத்தைப் பார்த்தோம். லேப்டாப்பின் சாப்ட்வேரில் 'முதன்மைக் கம்ப்யூட்டரின் முகவரி' என்ற கட்டத்தில் பழைய எண் அப்படியே இருந்தது. புது ரூட்டர் டெஸ்க்டாப்புக்குப் புது எண் கொடுத்துவிட்டது. வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போட்டால் எப்படிச் சேரும்? எண்ணைத் திருத்தினோம். மறுபடி மாறாமல் இருக்க, அந்த டெஸ்க்டாப்புக்கு இந்த எண்தான் என்று ரூட்டரிலேயே ஒதுக்கி வைத்தோம்.

அப்படியும் வரவில்லை. மூன்றாவது காரணமும் இருந்தது. விண்டோஸ் ஒரு புது நெட்வொர்க்கைப் பார்த்தால், அது பஸ் ஸ்டாண்டா வீடா என்று தெரியாததால், 'பப்ளிக்' என்று வைத்துக்கொள்ளும். அந்த நிலையில் வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ஃபயர்வால் பொதுவாக உள்ளே விடாது. நம்முடைய சாப்ட்வேருக்கோ 'பிரைவேட்' நெட்வொர்க்கில் மட்டும்தான் அனுமதி கொடுத்திருந்தது. வீட்டு நெட்வொர்க்கை 'பிரைவேட்' என்று மாற்றினோம். ஃபயர்வாலை ஆஃப் செய்யவில்லை. அந்த ஒரு சாப்ட்வேருக்கு மட்டும்தான் கதவு திறந்தது. சினெர்ஜி வகைச் சாப்ட்வேர்கள் வழக்கமாக 24800 என்ற எண்ணுள்ள வாசல் வழியாகப் பேசும். அந்த ஒரு வாசல் போதும். அம்பு ஓரத்தைத் தாண்டி லேப்டாப்பில் போய் நின்றது. அவன் எதுவும் பேசவில்லை. இடது கையால் பந்தை உருட்டி, இங்கேயும் அங்கேயும் நாலு தடவை கொண்டுபோய்க் கொண்டுவந்தான். பிறகு உடனே கணக்கீட்டுப் பக்கத்தைத் திறந்து வேலையை ஆரம்பித்துவிட்டான். காபி வந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், நிகழ்ச்சி ஒன்று, காரணம் மூன்று. முதல் காரணத்தைச் சரிசெய்தும் வேலை செய்யாதபோது, 'இது காரணமில்லை போலிருக்கு' என்று அதைப் பழையபடி மாற்றியிருந்தால், அன்று ராத்திரி வரைக்கும் சுற்றியிருப்போம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதை எழுதி வைக்க வேண்டும். சரியென்று தெரிந்ததைத் திரும்பக் கலைக்கக் கூடாது.

இனி அடிக்கடி வரும் மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேண்டியவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

அம்பு தாண்டுகிறது, ஆனால் திரும்பி வரமாட்டேன் என்கிறதா? சினெர்ஜி வகையில் திரைகளின் இருப்பிடத்தை இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். 'டெஸ்க்டாப்புக்கு வலப்பக்கம் லேப்டாப்' என்று மட்டும் எழுதி, 'லேப்டாப்புக்கு இடப்பக்கம் டெஸ்க்டாப்' என்று எழுதாவிட்டால், அது ஒருவழிப் பாதை ஆகிவிடும். கையாலேயே அமைப்புக் கோப்பு எழுதுபவர்களுக்கு இது வரும்.

நேற்று வரை தாண்டியது, இன்று எல்லாம் இணைந்திருந்தும் ஓரத்தில் முட்டி நிற்கிறதா? ஸ்க்ரோல் லாக் கீயைப் பாருங்கள். சினெர்ஜியில் அந்தக் கீயை அழுத்தினால் அம்பு இருக்கிற திரையிலேயே பூட்டிக்கொள்ளும். குழந்தைகள் கீபோர்டில் விளையாடிய வீடுகளில் இது முதல் சந்தேகம். பல கே.வி.எம். பெட்டிகளிலும் இதே ஸ்க்ரோல் லாக்கை இரண்டு தடவை தட்டினால்தான் மாறும் என்று வைத்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் குழம்பிப் போவார்கள்.

மவுஸ் போகிறது, எழுத்து விழவில்லையா? மேக் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். 2018, 2019 பதிப்புகளிலிருந்து ஆப்பிள் இதில் கண்டிப்பாக இருக்கிறது. 'அக்சசிபிலிட்டி', 'இன்புட் மானிட்டரிங்' என்ற இரண்டு அனுமதிகளையும் நாமே போய்க் கொடுக்க வேண்டும். பாஸ்வேர்டு கட்டம் திறந்திருந்தாலும், வேறு எந்தச் சாப்ட்வேரும் கீபோர்டை ஒட்டுக்கேட்காதபடி மேக் பூட்டிக்கொள்ளும். எங்கோ பின்னால் திறந்து கிடக்கும் ஒரு பாஸ்வேர்டு கட்டத்தை மூடினால் எழுத்து தானாக விழும்.

விண்டோஸில் திரை மங்கலாகி 'அனுமதிக்கலாமா' என்று கேட்கும்போது மட்டும் மவுஸ் செத்துவிடுகிறதா? அந்தக் கேள்வி தனியான பாதுகாப்புத் திரையில் வருகிறது. சாதாரணமாக ஓடும் சாப்ட்வேர் அதைத் தொட முடியாது. அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும் ஜன்னல்களுக்கும் இதே கதை. சாப்ட்வேரை விண்டோஸ் சர்வீஸாக நிறுவினால் சரியாகும்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய எக்ஸ் 11 முறையில் எந்த நிரலும் எல்லாக் கீயையும் பார்க்கலாம். புதிய வேலேண்ட் முறையில் அது முடியாது. ஆகவே பழைய பதிப்புச் சாப்ட்வேர் வேலேண்டில் ஊமையாக நிற்கும். வேலேண்டுக்கான ஆதரவு உள்ள புதிய பதிப்பைப் போட வேண்டும்.

அம்பு குதித்துக் குதித்துப் போகிறதா? பலர் சாப்ட்வேரைத் திட்டுவார்கள். டெஸ்க்டாப்பிலேயே குதிக்கிறதா, பக்கத்துக் கம்ப்யூட்டரில் மட்டும் குதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்கத்தில் மட்டும் என்றால் வைஃபைதான் காரணமாக இருக்கும். கேபிள் போட்டுப் பாருங்கள். சொந்த டெஸ்க்டாப்பிலேயே குதித்தால், வயர்லெஸ் மவுஸின் ரிசீவர் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். யூ.எஸ்.பி. 3.0 சாதனங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸ்களும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசுகின்றன. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் ரிசீவரைச் சொருகாமல், ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு மவுஸுக்கு அருகில் கொண்டுவாருங்கள். கொஞ்ச ரூபாய் வைத்தியம்.

டேப்லெட்டில் சேனல் மாற்றியும் வரவில்லையா? டேப்லெட்டின் ப்ளூடூத் பட்டியலில் பழைய இணைப்பு பெயரளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை முழுசாக நீக்கிவிட்டு, கீபோர்டில் அந்தச் சேனல் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, புதிதாக இணைத்தால் போதும். ஆப்பிளின் யூனிவர்சல் கன்ட்ரோல் என்றால் பட்டியல் வேறு: இரண்டிலும் ஒரே ஆப்பிள் கணக்கு, ப்ளூடூத், வைஃபை, ஹேண்ட்ஆஃப் மூன்றும் ஆன், 10 மீட்டருக்குள் தூரம். ஐபேட் தன் மொபைல் இணைப்பை ஹாட்ஸ்பாட்டாகப் பகிர்ந்துகொண்டிருந்தால் வராது. ரயிலில் போகும்போது வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தமிழில் அடிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 அமைப்பில் நம்மில் பலர் அடிக்கிறோம். முதன்மைக் கம்ப்யூட்டரில் தமிழ்99 வைத்துவிட்டுப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஆங்கிலம் மட்டும் இருந்தால், அங்கே போகும் எழுத்து தடுமாறும். நடைமுறையில் நன்றாக வருவது இதுதான்: அம்பைத் தாண்ட விடும்போது முதன்மைக் கம்ப்யூட்டரில் ஆங்கிலமே இருக்கட்டும், போய்ச் சேர்ந்த கம்ப்யூட்டரில் தமிழ்99ஐ நிறுவி, அங்கேயே தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி நான் வலியுறுத்திச் சொல்ல நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கீபோர்டு வழியாகப் போவது வெறும் எழுத்து இல்லை. பேங்க் பாஸ்வேர்டு போகிறது, பிள்ளைகளுக்கு எழுதும் கடிதம் போகிறது, கம்பெனி ரகசியம் போகிறது. பழைய சினெர்ஜி, அடித்த எழுத்தைக் குறியாக்கம் இல்லாமல், போஸ்ட் கார்டு மாதிரி திறந்தே அனுப்பியது. இப்போதைய பதிப்புகளில் குறியாக்க வசதி இருக்கிறது. 'இணைய மாட்டேங்குது' என்று எரிச்சலில் பலர் முதலில் அணைப்பது அதைத்தான். அணைக்காதீர்கள். குறியாக்கத்தில் சிக்கல் என்றால் பெரும்பாலும் ஒரு கம்ப்யூட்டரில் அது ஆன், இன்னொன்றில் ஆஃப் என்று இருக்கும். இல்லாவிட்டால் புது இணைப்பை நம்பலாமா என்று கேட்ட ஜன்னலுக்கு யாரும் பதில் சொல்லாமல் விட்டிருப்பார்கள். ஹாஸ்டல் வைஃபை, ஹோட்டல் வைஃபை, காபிக்கடை வைஃபை இவற்றில் இந்த ஏற்பாட்டை வைத்துக்கொள்ளவே வேண்டாம். அங்கே ப்ளூடூத் சேனலே போதும். கைவிடப்பட்ட பழைய பதிப்புகளை விட்டுவிட்டு, இன்றும் யாராவது பராமரிக்கும் பதிப்பைப் போடுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் போடுவதற்கு முன் அங்கே உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பூட்டு சரியில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைக்கிற வீட்டில் யார் நிம்மதியாகத் தூங்க முடியும்?

இன்னொன்று. சாப்ட்வேர் எதுவானாலும், கம்ப்யூட்டர் துவங்கி விண்டோஸோ லினக்ஸோ ஏறின பிறகுதான் அதற்கு உயிர். பயாஸ் திரையில் அதற்கு வேலை இல்லை. அந்த வேலை அடிக்கடி உள்ளவர்கள் கே.வி.எம். பெட்டி வாங்குவது நல்லது. மற்றவர்கள் ஒரு சாதாரண வயர் கீபோர்டும் மவுஸும் வாங்கி மேஜை டிராயரில் போட்டு வையுங்கள். எல்லாம் நின்றுபோன நாளில் அதுதான் கைகொடுக்கும். என் தோழனுக்கும் அன்று கிளம்பும்போது அதைத்தான் சொன்னேன். அவன் இடது கைக்குத் தோதானதாகவே ஒன்று கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தத் தோழன் அன்று என்னிடம் சொன்னதை இங்கே சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன். "கை போனது கூட பரவாயில்லடா. ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கே, அதுதான் கஷ்டம்" என்றான். கையிலோ கண்ணிலோ குறை உள்ள மாணவர்கள் நம் கல்லூரியில் இன்றும் படிக்கிறார்கள். நம் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் ஒரே ஒரு மேஜை, அவர்களுக்குத் தோதான கீபோர்டு, மவுஸ், அதை எந்தக் கம்ப்யூட்டருக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி, பக்கத்தில் சுவரில் ஒட்டிய ஒரு பக்கக் குறிப்பு. இவ்வளவுதான் தேவை. கோளாறு வந்தால் யாரையும் கூப்பிடாமல், அந்தக் குறிப்பைப் பார்த்து அவர்களே பாதையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். சங்கம் மனது வைத்தால் அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குள் இதைச் செய்துவிடலாம். குறிப்பை எழுதித் தரவும், மேஜையை அமைத்துத் தரவும் என் பேட்ச் நண்பர்கள் நாலு பேர் தயாராக இருக்கிறோம். செலவில் ஒரு பங்கையும் ஏற்றுக்கொள்கிறோம்.

நேரம் முடிந்துவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கண்ணுக்குத் தெரிந்தவரை யாரும் தூங்கவில்லை.  சாப்பாட்டுக்குப் பிறகு சந்தேகம் உள்ளவர்கள் தாராளமாக என்னைக் கேட்கலாம்.